கூரைக்குள் எழுதாத பெயர்

"என் தம்பி வேகமாத்தான் செய்வான். எனக்கு வேகம் வேணாம், கூரை வேணும்."

அர்லீன் இதைச் சொன்னது தேவாலய விருந்தில், அறுபது பேர் நடுவில். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து நீள மேசையில் பரப்பிச் சேர்ந்து சாப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை விருந்து. அத்தனை பேரும் சிரித்தார்கள். வெண்டல் மட்டும் கோழி நூடுல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தான். பிழைப்பே கூரை வேலை என்று இருக்கிற சொந்தத் தம்பியை விட்டுவிட்டு, தன் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட மின்சாரம், கார் எதுவும் வேண்டாமென்று பழைய முறையில் வாழ்கிற ஆமிஷ் மதப் பிரிவு ஆட்களைக் கூப்பிட்டிருந்தாள் அக்கா. தொப்பியும் தாடியுமாக நாலு பேர் வந்து, பேசாமல் கொள்ளாமல் ஐந்து நாள் வேலை செய்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூரை இன்றைக்கும் ஒழுகவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

பன்னிரண்டு வருஷம் அந்தப் பேச்சு அவன் நெஞ்சில் மீன்முள்ளாய்க் கிடந்தது.

வெண்டல் ஷ்ராக் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அன்றிலிருந்து ட்ரெய்லர் ஆலையில் வேலை. இந்தியானாவின் வடக்கு ஓரத்தில் அந்த வட்டாரத்துக்கே அதுதான் சோறு போடுகிறது. பிக்கப் வண்டியின் முதுகில் கொக்கி போட்டு இழுத்துப் போகிற பெரிய வீட்டு வண்டிகள். ஃபிஃப்த் வீல் என்பார்கள். அவன் முதலாளிக்கு இரண்டு ஆலைகள், சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் விலை கூடிய வண்டி, மணிக்கணக்கில் கூலி. இந்தப் பக்கம் விலை குறைந்த வண்டி. எத்தனை வண்டி முடிகிறதோ அத்தனைக்குக் கூலி. காலை ஐந்துக்கு லைன் ஓட ஆரம்பித்தால் அன்றைய பதினாலு வண்டியும் முடிந்த நிமிஷம் வீட்டுக்குப் போகலாம். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வாகன நிறுத்தம் காலியாகிவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் யாரும் நடப்பதில்லை, ஓடுவார்கள். அந்தப் பக்கத்தைத் 'தாலாட்டுக் கம்பெனி' என்று கிண்டல் செய்வார்கள். வெண்டல் இந்தப் பக்கத்துக் கூரைக்காரன். ரப்பர் விரிப்பை இழுத்து ஒட்டி, ஓரத்துப் பட்டையைத் திருகி, தண்ணீர் இறங்காமலிருக்கத் திருகாணியின் தலைமேல் பசை பிதுக்கி இறங்க அவனுக்குப் பதினெட்டு நிமிஷம். அவனைவிட வேகமான ஆள் அந்த லைனில் கிடையாது.

அர்லீன் அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். இருபத்திரண்டாம் நம்பர் பஸ் என்றால் பனிப்புயலிலும் ஆறு நாற்பதுக்கு வாசலில் நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. கிளம்பும் முன் தினமும் பஸ்ஸை ஒரு சுற்று சுற்றி டயரை உதைத்து, விளக்கைத் தட்டி, கையிலிருக்கும் அட்டையில் பென்சிலால் குறிப்பாள். கடைக்குப் போனால் முட்டை டப்பாவைக்கூட அப்படித்தான் பார்ப்பாள். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, ஒரு ஃபிஃப்த் வீல் வாங்கி, குளிர்காலத்துக்கு டெக்சாஸ், கோடைக்கு வடக்கு என்று அதிலேயே குடியிருப்பது என்பது அவளும் அவள் புருஷன் லமாரும் பல வருஷமாகப் போட்டு வைத்திருந்த திட்டம்.

விற்பனைக் களத்தில் இரண்டு ஆலைகளின் மாதிரி வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அந்தப் பக்கத்து வண்டிக்கு இரட்டிப்பு விலை. அதை வாங்கினால் வீடு விற்ற பணத்தில் கையில் நிற்பது சொற்பம்.

அர்லீன் பஸ்ஸைச் சுற்றுவதுபோல் இரண்டையும் சுற்றினாள். கதவுகளைச் சாத்திச் சாத்திப் பார்த்தாள். விலை கூடியது 'தொப்' என்று மூடியது. விலை குறைந்தது 'டக்' என்றது. இரண்டின் தரையிலும் எம்பிக் குதித்தாள்.

"அர்லீன், நீ குதிச்சா ஊரே அதிரும். இதையெல்லாம் வச்சு வண்டியைக் கணக்குப் போடாதே," என்றார் லமார். அவர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டு விலை கூடிய வண்டியின் படுக்கையில் கால் நீட்டியிருந்தார். "நான் இங்கேயே செத்தாலும் சரி. இதுதான்."

"நீங்க செத்தா யாரு இழுத்துட்டுப் போறது? எழுந்திருங்க." கூட வந்திருந்த தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், நீ சொல்லு. ரெண்டையும் தெரிஞ்சவன் நீதான். எதை வாங்கறது?"

பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவன் தொழிலைப் பற்றி அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அந்தப் பக்கம் முடிந்த ஒவ்வொரு வண்டியின் மேலும் இருபது நிமிஷம் தண்ணீரைக் கொட்டவிட்டு, உள்ளே ஒருவன் விளக்கோடு நின்று பார்ப்பான். இந்தப் பக்கம் அந்தச் சோதனை காகிதத்தில் மட்டும்தான் நடக்கும். வெண்டலுக்கு இது தெரியும். அந்தப் பக்கத்து வண்டியை வாங்கு என்று சொல்ல வாயைத் திறந்தால், ஆமிஷ்காரன் கூரைதான் நல்ல கூரை என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதுவும் தெரியும்.

"ஒரே அச்சு, ஒரே ரப்பர், ஒரே சட்டம்," என்றான். "ஒரே லாரிதான்க்கா ரெண்டு பக்கமும் சாமான் இறக்குது. மேல ஒட்டியிருக்கற பேருக்குப் போய் எதுக்கு இன்னொரு மடங்கு கொட்டிக் கொடுக்கணும்?"

"கூரை?"

"உன் வண்டி லைன்ல வர்ற அன்னைக்குக் கூரை என் கையால. வேற ஒருத்தன் தொட மாட்டான்."

அர்லீன் லமாரின் செருப்பை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்தாள். "எழுந்திருங்க. தம்பி போடற கூரையே போதும்."

ஆர்டர் கொடுத்த வண்டி நவம்பர் பன்னிரண்டாம் தேதி லைனில் வர வேண்டியது. சக்கர அச்சு வரத் தாமதமாகி பதினைந்துக்குத் தள்ளிப் போனது. பதினைந்தாம் தேதி மாநில எல்லைக்கு அப்பால் மிச்சிகனில் துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதி தொடங்குகிற நாள். அன்றைக்குக் கிழமை எதுவானாலும் சரி, லைனில் பாதி ஆள் இருக்காது. காட்டில் மான் வழி பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வெண்டல் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தடவையும் தவறவிட்டதில்லை.

"என் அக்கா வண்டியை மூணு நாள் தள்ளிப் போடேன்," என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தான்.

"உங்க அக்கா என்ன மகாராணியா, அவளுக்காக லைன் நிக்க? இருந்து செஞ்சுட்டுப் போ."

இருந்திருக்கலாம். ஒரே ஒரு நாள். பதினாலாம் தேதி மாலை, புதிதாகச் சேர்ந்த ஒருவனிடம், "நாளைக்கு நாலாவது வண்டிக்குக் கொஞ்சம் தாராளமாப் பசை போடு," என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஒரு கூரைதானே என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

பத்து நாள் கழித்து நன்றி கூறும் நாளின் வான்கோழி விருந்து. குடும்பம் முழுக்க மேசையைச் சுற்றி இருந்தது.

"நீதானே போட்டே?" என்றாள் அர்லீன், உருளைக்கிழங்கை அவன் தட்டில் வைத்தபடி.

வாய் நிறைய கறி. தலையாட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் பார்க்கிறார்களே என்று ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்றையும் அனுப்பினான். "ரப்பரை விரிக்கறதுக்கு முன்னாடி முன்பக்கப் பலகையில உன் பேரைப் பென்சில்ல எழுதியிருக்கேன். நம்ம ஆளுங்களுக்குன்னா அப்படி எழுதறதுண்டு."

அர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கி அவன் பார்த்தது அப்பா இறந்தபோது ஒரு தடவை, பிறகு அன்றைக்கு. மேசையைப் பார்த்து, "தேவாலயத்துல ஒரு தடவை இவனை ஒரு வார்த்தை சொல்லிட்டேன்," என்றாள். "சொல்லியிருக்கக் கூடாது."

வெண்டல் குனிந்து தின்றான். என்ன தின்றான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

முதல் குளிர்காலம் ஒன்றுமில்லை. இரண்டாவதில் படுக்கைக்கு மேலே, பிக்கப்பின் முதுகில் ஏறி உட்காரும் அந்த முன்பகுதியில், தேநீர்க் கறைபோல் ஒரு வட்டம் விழுந்தது. மூன்றாவதில் மழை பெய்தால் மெத்தையைச் சுவரோரம் நகர்த்திவிட்டு நடுவில் வாளி வைக்க வேண்டியிருந்தது. இதை அவன் அர்லீன் வாயால் கேட்கவில்லை. லமார்தான் டெக்சாஸிலிருந்து போனில் சொன்னார்.

"பக்கத்து வண்டிக்காரன் வந்து பார்த்துட்டு, மலிவா வாங்கினா இப்படித்தான், வேகமாக் கட்டின வண்டின்னான். உங்க அக்கா அவனைப் பிடிச்சுக்கிட்டா. 'என் தம்பி கையால போட்ட கூரை. உள்ளே என் பேரு இருக்கு. மரக்கிளை விழுந்து கிழிஞ்சிருக்கு, உன் வாயை மூடு'ன்னு கத்தினா. மாப்ளே, அங்க பத்து மைலுக்கு மரமே கிடையாது."

லமார் சிரித்தார். வெண்டலும் சிரித்தான். போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய், கையில் கிடைத்த பசைக் குழாயைச் சுவரில் அடித்தான்.

மே மாதம் அவர்கள் திரும்பி வந்தார்கள். அர்லீனுக்கு இதயம் தளர்ந்துவிட்டது, இனிமேல் தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டை விற்றாயிற்று, இருக்க இடம் அந்த வண்டிதான். வெண்டலின் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கணுக்கால் வீங்கி, பத்தடி நடக்க இரண்டு முறை நின்றாள். வழியெல்லாம் கண்மூடிச் சாய்ந்தே வந்தவள், இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "கூரையைப் பிரிடா. கிளை எங்க பட்டிருக்குன்னு பாரு."

மறுநாள் காலை ஏணி போட்டு ஏறினான். அர்லீன் கீழே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். முன் ஓரத்துப் பட்டையைக் கழற்றியபோதே தெரிந்துவிட்டது. ஆறு திருகாணிகளுக்குப் பசையே இல்லை. குழாய் தீர்ந்திருக்கும், இன்னொன்று எடுக்கப் போக எவனுக்கும் நேரமிருந்திருக்காது. அவனே அப்படி எத்தனை வண்டியை விட்டிருக்கிறான். ரப்பரை உரித்தான். அடியில் பிளைவுட் கறுத்து, ஊறிய ரொட்டியாய் விரலோடு வந்தது.

"என் பேரு தெரியுதாடா?" என்று கீழிருந்து கேட்டாள்.

அவன் விரலில் ஒட்டியதைக் கால்சட்டையில் துடைத்தான்.

"எங்கேயிருந்து தெரியறது," என்றார் லமார், கீழே விழுந்த துண்டைப் பார்த்து. "பலகையே கரி மாதிரி இருக்கு. எழுத்தெல்லாம் அழுகிப் போயிருக்கும்."

தப்பிக்க வழி அதுதான். மனுஷன் தெரியாமலே திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டரை வருஷத்துப் பொய் அந்த அழுகலோடு குப்பைக்குப் போய்விடும். வெண்டல் வாயைத் திறந்தான்.

"அழிஞ்சா அழியட்டும்," என்றாள் அர்லீன். "நீ எழுதின இடம் உனக்குத் தெரியுமில்ல? அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் குடு. காயவச்சுத் தலைமாட்டுல வச்சுக்கறேன்."

ஒன்றுமே எழுதாத ஒரு துண்டை அவள் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். வெண்டல் இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் காலை வைத்து நின்றபடியே சொன்னான்.

"எழுதலைக்கா."

"என்ன?"

"எழுதவே இல்லை. கூரையும் நான் போடலை. அன்னைக்கு நான் லைன்லயே இல்லை. மிச்சிகன் போயிட்டேன்."

லமார் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அர்லீன் தன் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"மான் கிடைச்சுதா?"

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணும் இல்லை."

அவள் எழுந்தாள். நாற்காலியை மடக்க லமார் கை நீட்டியபோது தள்ளிவிட்டு அவளே மடக்கினாள். படியேறி உள்ளே போனாள். கதவு 'டக்' என்று மூடியது.

இரண்டு நாள் அவள் வெளியே வரவில்லை. லமார் காப்பி கொண்டுவந்து ஏணிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார். வெண்டல் ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அழுகியதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, குறுக்குச் சட்டம் மாற்றி, புதுப் பலகை அறைந்தான். அவசரப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கை பழக்கத்தில் ஓடியது. ஓடும்போதெல்லாம் நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். அவன் மிதிப்பதெல்லாம் அவள் படுத்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே. ஒவ்வொரு சுத்தியடியும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் பகல், ரப்பரை விரிக்கத் தயாரானபோது கதவு திறந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாதே. உன் காசா இருந்தா அன்னைக்கு எந்த வண்டியை வாங்கியிருப்பே?"

வெண்டல் கூரை விளிம்பில் முட்டி போட்டிருந்தான். அக்காவின் உச்சந்தலை தெரிந்தது. முடி மெலிந்து தோல் தெரிந்தது.

"அந்தப் பக்கத்து வண்டியை."

"அதைக் கேக்கத்தாண்டா உன்கிட்ட வந்தேன்," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். ஐம்பத்தேழு வயது ஆண், பட்டப்பகலில், அக்கம்பக்கம் பார்க்கும் கூரையின்மேல், முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் ரப்பர் சுருளின்மேல் குப்புறக் கவிழ்ந்தான்.

அவள் காத்திருந்தாள். பிறகு இரண்டு படி ஏறினாள். ஏறக் கூடாது, ஏறினாள். சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டியது பஸ் ஓட்டிய காலத்து மொட்டைப் பென்சில்.

ஆகஸ்ட் கடைசியில் அர்லீன் அந்த வண்டியிலேயே, தூக்கத்தில் போனாள். அதற்கு முன்பு இரண்டு மழை அடித்துப் பெய்தது; வாளி வைக்கவில்லை. ஏணியில் நின்று சொன்னதற்குப் பிறகு அவள் தம்பியிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

"எழுது," என்றாள் அன்றைக்குப் பென்சிலை நீட்டியபடி. "என் பேரை எழுது, கீழே உன் பேரை எழுது. இன்னைக்குத் தேதியைப் போடு, அன்னைக்குத் தேதி வேணாம். எழுதிட்டு எனக்குக் காட்டு. அப்புறம் மூடு. மெதுவா மூடு."