என் சாவியைப் பிடுங்கிய கூட்டம்

எனக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னதும் அவரிடம் வாதாடினேன். முப்பத்தாறு வயதில், அதுவும் பெங்களூரு நீலசந்திராவில் குழாயடிச் சண்டையில் முன்வரிசையில் நின்று வளர்ந்த எனக்கா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பட்டையை மறுபடி கையில் சுற்றி அழுத்தினார். நூற்றைம்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றெட்டு.

"மூணு வாரம் பார்ப்போம். உப்பைக் குறைங்க, நடங்க, தூங்குங்க. அப்பவும் இறங்கலைன்னா மாத்திரை. வேலையையும் பாதியாக்கணும். இப்படியே ஓடினா ஸ்ட்ரோக் வர்றதுக்கு வயசாகணும்னு இல்லை."

மாத்திரைக்கு நான் பயப்படவில்லை. வேலையைப் பாதியாக்கு என்றதற்குத்தான் பயந்தேன்.

தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் பதினோரு பேர். சின்ன கிளினிக்குகளுக்கு டோக்கன் போடும் சாஃப்ட்வேர் எங்களுடையது. நோயாளிக்கு நம்பர் கொடுத்து, சுவரில் இருக்கும் டிவியில் அடுத்தவரைக் கூப்பிடும். நானும் என் காலேஜ் தோழியும் ஐந்து வருடங்களாக வளர்த்த கம்பெனி. சாஃப்ட்வேர் எங்காவது நின்றால் கவனிக்க, வாரம் ஒருவர் என்று முறை வைத்திருந்தோம். முறை முடிந்தவர் இரண்டு நாள் ஆபீஸ் மெசேஜைத் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவள் நான்தான். முறைக்காரருக்குத் துணையாக எல்லா வாரமும் பட்டியலின் கடைசியில் என் பெயரும் இருந்ததால், எனக்கு மட்டும் முறை முடிந்ததே இல்லை. இதில் எனக்குப் பெருமை வேறு.

தோழியிடம் விஷயத்தைச் சொன்னேன். என் கண்ணெதிரிலேயே பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தாள். "மூணு வாரம் நீ போய்ச் சேர்ந்துட்டேன்னு நெனச்சுக்கறோம்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடீ?"

"நல்ல வார்த்தை சொன்னா நீ கேப்பியா?"

அந்த மூன்று வாரமும் ஒழுங்காக இருந்தேன். காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தேன். ஊறுகாயை விட்டேன், அதை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. தியானத்துக்கு ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். மூச்சை மெல்ல விடச் சொன்ன அந்தப் பெண்ணின் குரல் போன போக்கில் எனக்குக் கோபம்தான் ஏறியது, இரண்டாம் நாளே அழித்துவிட்டேன். இருந்தாலும் வீட்டுக் கருவியில் நூற்றிருபத்தெட்டு காட்டியது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் தோழியிடம் சொல்லவில்லை. சாஃப்ட்வேர் நின்றால் வரும் எச்சரிக்கை மெசேஜ் என் போனுக்கும் ரகசியமாக வந்துகொண்டிருந்தது. சிஸ்டத்தில் எதையும் மாற்ற அனுமதி தரும் சாவியும் என்னிடமே இருந்தது.

மூன்று வாரம் முடிந்து கிளினிக்குக்குப் போனேன். அங்கேயும் எங்கள் சாஃப்ட்வேர்தான். என் டோக்கன் பதினான்கு. டிவி பதினொன்றில் நின்றது. போன் துடித்தது. அறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழ, ரிசப்ஷன் பெண் எழுந்து நின்று, "ஸ்வல்ப இருங்க, சிஸ்டம் டௌன்" என்று கன்னடம் கலந்து பொறுக்கச் சொன்னாள். யாரோ ஒரு பெரியவர் இந்தக் கருமத்தைச் செய்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும் என்றார். செய்தவளான நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். ஆமாம், ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்துக்கு லேப்டாப் கொண்டு போயிருந்தேன். யாரையும் கேட்காமல் சிஸ்டத்தைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. அந்த வாரத்து முறைக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா.

"காரணத்தைக் கண்டுபிடிச்சுப் பாதி சரி பண்ணிட்டேன். நடுவுல யாரோ உள்ள பூந்து பழசுக்குத் திருப்பிட்டாங்க. இப்ப எல்லா கிளினிக்கிலயும் இன்னிக்குப் போட்ட டோக்கன் அழிஞ்சு போச்சு."

"நான்தான்" என்றேன்.

"தயவுசெஞ்சு லேப்டாப்பை மூடிடுங்க" என்றார்.

இருபது நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது இரண்டு மணி நேரம் இழுத்தது. ரிசப்ஷன் பெண் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்தாள். என் முறை வந்தபோது டாக்டர் பார்த்த அளவு நூற்றறுபத்திரண்டு. மாத்திரை எழுதினார். வெட்கத்தில் நான் வாதாடவே இல்லை.

ஒவ்வொரு தவறுக்கும் மறுநாள் எங்கள் ஆபீஸில் ஒரு கூட்டம் உண்டு. அங்கே எழுதும் அறிக்கையில் ஆள் பெயர் வரக்கூடாது. காரணமும் தீர்வும் மட்டும்தான். பயமில்லாமல் உண்மையைப் பேசட்டும் என்று நான் கொண்டுவந்த வழக்கம் அது. முறைக்காரி நின்றுகொண்டு வாசித்தார்.

"காரணம்: அன்று முறையில் இல்லாத, ஓய்வில் இருக்க வேண்டிய ஒருவர் கேட்காமல் உள்ளே வந்தது. தீர்வு: அவரிடமிருக்கும் சாவியை எடுத்துவிடுவது."

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். தோழி மட்டும் என்னைப் பார்த்தாள். இது என் கம்பெனி என்று கத்தத் தோன்றியது. ஆனால் அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். லேப்டாப்பைத் திறந்து என் அனுமதியை நானே நீக்கினேன். போனுக்கு வந்த ரகசிய மெசேஜையும் நிறுத்தினேன். அழுகை வந்தது. பத்துப் பேர் முன்னால் அழுதேன், கூச்சப்படவில்லை. இப்படிப்பட்டவர்கள் எனக்கு வாய்த்திருக்கிறார்களே என்ற கர்வமும் அதில் கலந்திருந்தது.

இப்போது மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். அளவு இறங்கியிருக்கிறது. போன வாரம் டீ குடிக்கும்போது, அன்று அறிக்கை வாசித்த அதே முறைக்காரி பேச்சுவாக்கில், முந்தின நாள் மதியம் சிஸ்டம் அரை மணி நேரம் நின்றுபோனது என்றார்.

"மதியமா? நான் ஆபீஸ்லதானே இருந்தேன். ஏன் சொல்லலை?"

"சாப்பிட்டுட்டு சோபாவுல தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப வேணாம்னு எல்லாரும் மெதுவாப் பேசியே சரி பண்ணிட்டோம்."

"குறட்டை விட்டேனா?"

"நல்லாவே விட்டீங்க."