தன் சாமானைத் தானே ஏலம் எடுத்த சேது

சேதுவுக்கு வயது ஐம்பத்தாறு. காதுக்கு மட்டும் இருபத்தொன்றுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். அடுத்த வீட்டில் ஓடுகிற கேசட்டின் ரப்பர் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தால்கூட இங்கிருந்தே கண்டுபிடித்துவிடும் காது அது. அதே காது, மனைவி அம்சவள்ளி குசினியிலிருந்து கூப்பிட்டால் தொண்ணூறு வயதுக் காதாகிவிடும். இது என்ன வியாதி என்று எந்த டாக்டரும் இதுவரை சொல்லவில்லை.

மலேசியாவில் பத்தாங் காலி பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். மீசை முளைத்ததும் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டப் போனார். மணவறைக்குப் பின்னால் பெட்டியை வைத்துக்கொண்டு ஐயர் மந்திரத்தையும் மாமன்மார் சண்டையையும் ஒன்றாகப் பதிவு செய்வார். போட்டுக் கேட்டால் இரண்டும் புரியாது. "நேச்சுரல் சவுண்டு" என்பார். பிறகு தோட்டம் போய் அங்கே வீடுகள் வந்தன, குடும்பம் அசாம் ஜாவாவில் ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வந்தது, சேது ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டப் போனார். வேலை இடத்தில் பலகைப் பெட்டிகளை டமார் டமார் என்று இறக்குகிறவர், வீட்டுக்கு வந்து ஒரு டேப் ரெக்கார்டரைத் துடைக்கும்போது மட்டும் பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரி இருக்கும்.

துடைக்க நிறையவே இருந்தன. வீட்டில் மூன்று அறை. மூன்றாவது அறை முழுக்க இரண்டு சக்கரத்தில் டேப் சுற்றுகிற ஸ்பூல் மிஷின், கேசட் டெக், வெள்ளிக்கூடு போட்ட பழைய மைக், மிக்சர், கோயில் திருவிழாவில் கத்திக் கத்தித் தொண்டை போன புனல் ஸ்பீக்கர். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பழைய இரும்பு லோரிக்காரனிடமும் வாங்கியது. எதைத் தொட்டாலும் ஒரே சரித்திரம்தான் சொல்வார்: "இந்த மாடல் உலகத்துலயே மூணுதான் இருக்கு." அந்த மூன்றில் இரண்டு இவர் வீட்டிலேயே இருக்கும். மூன்றாவதும் வந்து சேர்ந்துவிடுமோ என்பதுதான் அம்சவள்ளியின் கவலை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் அம்பாங் பெச்சாவில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் லோகேஸ்வரிக்கு ஏழாம் மாதம் வந்துவிட்டது. வளைகாப்பு போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். தலைப்பிரசவம்.

"மக எங்க படுப்பா?" என்றார் அம்சவள்ளி.

"ரூம்லதான்."

"எந்த ரூம்ல? அந்த ஸ்பூல் பெட்டி மேலயா?"

"அதை ஓரமா தள்ளிக்கலாம் அம்சா."

"எதை? எதை எங்க தள்ளுவீங்க? அந்த ரூம்ல பல்லிக்கே இடம் இல்லாம வெளிய வந்து நிக்குது. புள்ள வர்றதுக்குள்ள அத்தனையும் வித்தாகணும். நீங்க விக்கிறீங்களா, நான் இரும்பு லோரிக்காரனைக் கூப்பிடவா?"

இரும்பு லோரி என்ற பேச்சைக் கேட்டதும் சேதுவுக்குக் காது நன்றாகக் கேட்டது. சரி, ஏலம் போடலாம் என்று ஒத்துக்கொண்டார். எந்த மடையன் இதையெல்லாம் வாங்கப்போகிறான் என்ற தைரியம் அவருக்கு.

அம்சவள்ளியின் திறமையை அவர் மறந்துவிட்டார். கோயில் திருவிழாவின் கடைசி நாள், அம்மன் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடும்போது கூட்டத்தை உசுப்பேற்றிவிடுகிற வாய் அது. "தாமான்காரங்க அவ்ளோதானா? அந்தப் பக்கம் தோட்டத்துக்காரங்க கேக்கறாங்க பாருங்க!" என்று ஒரு வார்த்தைதான் சொல்வார். ஒரு பழம் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். அந்த வாயை அவர் அப்படியே பேஸ்புக் லைவுக்குக் கொண்டு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். "வணக்கம், வாங்க வாங்க. இது டபுள் கேசட். உலகத்துலயே மூணுதான் இருக்காம், என் வீட்டுக்காரர் சொல்றாரு, நான் எண்ணிப் பார்க்கல. கேளுங்க. கிள்ளான்காரரு கேட்டுட்டாரு. ரவாங்ல யாரும் உயிரோட இல்லையா? ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

கோயில் ஏலத்தில் எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி வாழ்த்துவார்கள் இல்லையா, அதையும் விடவில்லை. சாமான் எடுத்தவர் தன் பேர், ராசி, நட்சத்திரம் எழுதவேண்டும். வெள்ளிக்கிழமை அம்சவள்ளி கோயிலில் அந்தப் பேருக்கு அர்ச்சனை செய்வார். நட்சத்திரம் சொல்லாதவருக்குச் சாமான் கிடையாது. பத்தாங் காலியிலிருந்து ஒரு சீன அங்கிள் மைக் ஒன்றை எடுத்துவிட்டு, நட்சத்திரம் என்றால் என்ன என்று கேட்டார். சீன ஜாதகப்படி அவருக்கு நாய் வருஷம் என்று சொல்லி அர்ச்சனை நடந்தது. பூசாரி ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் மணியை ஆட்டிவிட்டார். அடுத்த வாரம் அங்கிள் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு லைவுக்கு வந்தார்.

சாமான் போக ஆரம்பித்தது. சேது தினமும் அறைக்குள் போய் மிச்சத்தை எண்ணிப் பார்த்தார்.

மூன்றாவது சனிக்கிழமை 'தனபாலன்' என்று ஒருவர் லைவில் முளைத்தார். படத்தில் ஒரு சிங்கம். கேசட் டெக் ஏலத்துக்கு வந்தால் தனபாலன் கேட்பார். மிக்சர் வந்தால் கேட்பார். யார் எவ்வளவு கேட்டாலும் மேலே ஏறுவார். விசேஷம் என்னவென்றால், லைவ் தொடங்கியதும் சேதுவுக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும். பாத்ரூம் கதவு சாத்தியதும் தனபாலன் வருவார். கதவு திறந்ததும் தனபாலன் போய்விடுவார். உளவுத்துறையில் சேர்த்திருந்தால் நாடு முன்னேறியிருக்கும்.

"தனபாலன் அண்ணே, பேரு நட்சத்திரம் எழுதுங்கண்ணே," என்றார் அம்சவள்ளி போனைப் பார்த்து. கட்டிய பெண்டாட்டி அண்ணே என்று கூப்பிட்டதில், பாத்ரூமில் வாளி கவிழ்ந்தது.

சேது போனைப் பிடித்தபடி யோசித்தார். பேரைப் பொய் சொல்லியாயிற்று. படத்தில் சிங்கம் போட்டாயிற்று. நட்சத்திரத்தையும் ஏதாவது ஒன்றை அடித்துவிட்டால் முடிந்தது. அசுவினி என்று அடிக்கப் போனார். கட்டைவிரல் நகரவில்லை. மனுசனை ஏமாற்றலாம், பேஸ்புக்கை ஏமாற்றலாம். அர்ச்சனைத் தட்டில் பொய் நட்சத்திரம் வைத்தால் அம்மன் யாருக்குக் கொடுப்பாள், அந்த அசுவினிக்காரன் யார், அவன் எதற்கு நடுவில்? கடைசியில் துலாம் ராசி, விசாகம் என்று தன் சொந்த நட்சத்திரத்தையே அடித்தார். அதோடு விட்டிருக்கலாம். அம்மன் எப்படியும் கேட்கப்போகிறாள், ஒரு அர்ச்சனையை ஏன் வீணாக்குவது என்று, கீழே இன்னொரு வரியும் சேர்த்து அனுப்பினார்.

அம்சவள்ளி சத்தமாகப் படித்தார். "தனபாலன். துலாம் ராசி, விசாகம். மகளுக்குக் கடக ராசி, பூசம். சுகப்பிரச..."

அதோடு நின்றுவிட்டார். லைவில் எல்லோரும் சிக்னல் போய்விட்டது என்று நினைத்தார்கள். 'அக்கா, ஹலோ, அக்கா' என்று எழுதினார்கள். அம்சவள்ளி பாத்ரூம் கதவை ஒரு தடவை பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சுகப்பிரசவம் ஆகணும்னு வேண்டிக்கச் சொல்றாரு. நல்ல மனுசன். பைத்தியம், ஆனா நல்ல மனுசன்," என்றார். பிறகு குரலை மாற்றி, "அடுத்தது ஆம்ப்ளிபையர்! தனபாலன் அண்ணே, தயாரா இருக்கீங்களா?" என்றார்.

அன்றைக்கு அந்த ஆம்ப்ளிபையருக்கு சேது கொடுத்த விலையில் கடையில் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம். ஏற்றிவிட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. தனபாலன் அனுப்பிய பணத்தில் மூன்றாவது அறைக்கு மெத்தை வந்தது, காற்றாடி வந்தது, கொசுவலை வந்தது. சேது அதைப் பார்த்து, "ஏலத்துல நல்லா சம்பாதிக்கறே அம்சா," என்று பாராட்டினார்.

"எல்லாம் அந்த தனபாலன் அண்ணன் புண்ணியம்," என்றார் அம்சவள்ளி.

அறை காலியானது. அதில் பாதிச் சாமான் வீட்டு வாசலிலேயே இருந்தது, சேதுவின் காருக்குள், அங்கே காடி என்பார்கள். அம்சவள்ளி கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துத் தூக்கித் தூக்கி அடைத்துவிட்டு, தனபாலனின் ஆள் வந்து எடுத்துப் போனதாகச் சொல்லிவிடுவார். தொழிற்சாலைக் கிடங்கில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்பது திட்டம். சூப்பர்வைசர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஸ்டோர்லா, மியூசியம் இல்ல," என்று சொல்லிவிட்டார். அதனால் கியர் பெட்டி ரிப்பேர் என்று சொல்லி, காடியைக் கான்வாஸ் போட்டு மூடிவிட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார். பின் சக்கரம் இரண்டும் அமுங்கி, காடி வானத்தைப் பார்த்து நின்றது. கியர் பெட்டி கெட்டால் காடி இப்படித்தான் நிற்கும் போலிருக்கிறது.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. காலையில் சேது பட்டு வேட்டி கட்டி விபூதி பூசி வெளியே வந்தார். சொந்தக்காரர்கள் வேனில் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். அம்சவள்ளி வளையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காடிப் பக்கத்தில் நின்றிருந்தார். கான்வாஸ் தரையில் கிடந்தது. கண்ணாடி வழியாக ஸ்பூல் மிஷினின் இரண்டு சக்கரமும் இரண்டு கண் மாதிரி சேதுவைப் பார்த்தன.

"கியர் பெட்டி எத்தனைங்க இருக்கு உள்ள?" என்றார் அம்சவள்ளி.

சேது கான்வாஸை எடுத்து மறுபடி மூடப் போனார்.

"வரும்போது மக எங்க உட்காருவா? நாலரைக்கு ராகு காலம் புடிக்கும். அதுக்கு முன்னாடி அவ அந்த வீட்டு வாசப்படியைத் தாண்டணும்."

"நாம ஒரு வேன்..."

"ஏழு மாசப் புள்ளத்தாச்சிய வேன்ல உருட்டிக்கிட்டு வரணும், உங்க கேசட் டெக்கு சீட்ல சாஞ்சு வரணும். அப்படித்தானே?"

அப்போதுதான் சேது கவனித்தார். ரோட்டோரமாக நாலைந்து காடிகள் நின்றிருந்தன. சீன அங்கிளும் தம்பியும் ஒரு மர நிழலில் நின்று கையசைத்தார்கள். ரவாங்கிலிருந்து கணேஸ்வரன் என்ற ஒரு பையன், பஸ் கம்பெனியில் மெக்கானிக், பழைய போர்வையோடு வந்திருந்தான். எல்லோரும் தனபாலனிடம் தோற்றவர்கள்.

"ஏலத்துல எடுத்தவரு வந்து தூக்கலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுக்கணும். கோயில்லயும் அதுதான் முறை," என்றார் அம்சவள்ளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த அண்ணனைப் பத்தி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலங்க. தனபாலன் வந்தா அவருகிட்டயே குடுத்துடறேன், அவரு காசு குடுத்தவரு. வருவாரான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

சேது காடியைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். சின்ன வயதில் லோகேஸ்வரி பள்ளிக்கூடப் பையோடு தூங்கி விழுந்த இடத்தைப் பார்த்தார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். உண்மையில் அவர் மிக்சரைத்தான் பார்த்தார். நன்றாக, ஆசை தீரப் பார்த்தார்.

"தனபாலன் வரமாட்டான்," என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காடிக் கதவைத் திறந்தார்.

ஒவ்வொன்றாக அவரே தூக்கிக் கொடுத்தார். கொடுத்தாலும் விடவில்லை. "தலைகீழா வைக்காதீங்க." "வெயில் படக்கூடாது." "அங்கிள், திஸ் ஒன் டோண்ட் பிரஸ் ஹார்ட், ஹீ இஸ் ஓல்ட்." கடைசியாக ஸ்பூல் மிஷின். இரண்டு பேர் தூக்கவேண்டியதை ஒற்றை ஆளாக அணைத்துத் தூக்கினார். பட்டுச் சட்டையில் எண்ணெய் ஒட்டியது.

"ஓடுமாண்ணே?" என்றான் கணேஸ்வரன்.

இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குச் சேது தந்த பதில் ஒன்றுதான்: பெல்ட் மட்டும் மாத்தினா பாடும். அம்சவள்ளி வளையல் தட்டோடு காத்திருந்தார்.

"ஓடாது தம்பி. மோட்டார் சுத்தும், சத்தம் வராது. நானும் ரொம்ப நாளா பாக்கறேன்."

"பரவால்லண்ணே. இனி நான் பாக்கறேன்."

அந்தப் பதில் சேதுவுக்குப் பிடித்துவிட்டது. மிஷினுக்குச் சீட் பெல்ட் போட்டுவிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பையனைப் போக விட்டார்.

அம்பாங் பெச்சாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது லோகேஸ்வரியின் மாமியார் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து களைத்திருந்தார். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். மகள் அப்பாவின் சட்டையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வர்ற வழியில லோரிக்கு அடியில படுத்துட்டு வந்தீங்களா?" என்றாள். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாயசத்தை நீட்டினான்.

நாலரைக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். லோகேஸ்வரி பின் சீட்டில் அம்மா தோளில் சாய்ந்தாள்.

"அப்பா, சீட்டு ஏன் இப்படிப் பள்ளமா இருக்கு?"

"நல்ல பள்ளம்தான்மா. நீ சாஞ்சுக்க."

தாமானை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு மேடு. காடி ஏறி இறங்கியதில் வளையல்கள் ஜல் என்று குலுங்கின, மகள் வயிற்றைப் பிடித்தாள். சேதுவின் இருபத்தொரு வயதுக் காது விறைத்தது. வேகத்தைக் குறைத்தார். அடுத்த மேட்டில் இன்னும் குறைத்தார். ஹைவேயில் ஏறிய பிறகும் இடது ஓரமாக, சைக்கிள்காரனுக்கு வழிவிடுகிற வேகத்தில் போனார். பின்னால் செம்பனை லோரி ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"ஏங்க, இப்படிப் போனா புள்ளையே பொறந்துடும்," என்றார் அம்சவள்ளி. மகள் தூங்கிவிட்டிருந்தாள்.

"சத்தம் போடாத அம்சா. வளையலு குலுங்குறது கேக்குது."

லோரிக்காரன் தாண்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கி ஏதோ நல்ல வார்த்தையாகச் சொன்னான். சேது அவனுக்குக் கையைத் தூக்கி வணக்கம் போட்டார்.