பால் இல்லை, முட்டை இல்லை, டீயும் இல்லை

பால், முட்டை, வெண்ணெய், நெய் எதுவும் சேர்க்காமல் கேக் சுடுவது பெரிய வித்தையே இல்லை. சுட்டதை ஆம்பூரில் விற்பதுதான் வித்தை. கடை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி வாய் வலித்துப்போன புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும். என் மகளுக்குப் பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது. அவளுக்காகக் கற்றுக்கொண்ட கேக்தான் பஜாரில் ஒரு சின்னக் கடையாக வளர்ந்து நிற்கிறது.

வீகன் என்றால்

கடை திறந்த வாரம், 'வீகன் பேக்கரி' என்ற போர்டைப் பார்த்துவிட்டு ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் உள்ளே வந்தார். மாட்டிலிருந்தும் கோழியிலிருந்தும் வருவது எதுவும் கிடையாது, எல்லாம் செடிகொடியிலிருந்து வருவது என்று பொறுமையாக விளக்கினேன். தேங்காய்ப்பால் கேக்கில் ஒரு துண்டும் கொடுத்தேன். ரசித்துத்தான் சாப்பிட்டார்.

வீகன் என்ற சொல் அவருக்குப் புதிதில்லை என்பதுதான் வினை. ஷூவுக்குப் போடுகிற போலித் தோலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வைத்த பெயர் வீகன் லெதர். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ரெக்ஸின். விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ரெக்ஸின் கேக்குக்கு ஒரிஜினல் ரேட்டு போட்டா எப்டி?"

மேலே கத்திரிக்காய், கீழே?

ஏற்றுமதி ஆர்டர் குறைந்தது. ஷூ கம்பெனிகளில் ஓவர்டைம் நின்றது. ஊரில் பிறந்தநாள் வருவதே நின்றுவிட்டதோ என்று நினைக்கும்படி கேக் தேங்கியது. என் வீட்டுக்காரரும் ஷூ கம்பெனிதான். "பொங்கல் வரைக்கும் பாரு. தேறலன்னா அவனை வித்துடலாம்" என்றார். அவன் என்று அவர் சொன்னது ரொட்டி சுடும் ஓவனை. அது போனால் நான் பழையபடி கம்பெனியில் டப்பா ஒட்டப் போக வேண்டியதுதான்.

பிறந்தநாளைத் தள்ளிப்போடலாம், மத்தியானப் பசியைத் தள்ளிப்போட முடியாதே என்று சாண்ட்விச் ஆரம்பித்தேன். உள்ளே வைக்க, எள்ளும் வேர்க்கடலையும் அரைத்துவிட்டுப் புளியில் வதக்கிய கத்திரிக்காய். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள ஊரே விரும்புகிற அதே கத்திரிக்காய். எனக்கு நானே ஷொட்டுக் கொடுத்துக்கொண்டேன். முதலில் வாங்கியவர் பக்கத்து மெத்தைக் கடை பாய். மேல் ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார், கீழ் ரொட்டியையும் தூக்கிப் பார்த்தார், பிறகு தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "கத்திரிக்கா வந்துடுச்சும்மா. பிரியாணி எப்ப வரும்?"

சைவத்துக்கும் மேலே

புரட்டாசியில் கொஞ்சம் தெம்பு வந்தது. ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சுத்த சைவம்தானே என்று கேட்டார். சைவத்துக்கும் மேலே என்றேன், வாய்க்கொழுப்பு. மகிழ்ந்துபோய், ரொட்டியை நெய்யில் வாட்டச் சொன்னார். நெய் இல்லை என்றேன். வெண்ணெய்? இல்லை. சீஸ்? இல்லை. தயிராவது? அதுவும் இல்லை. என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "வீட்ல மாடு கீடு செத்துப்போச்சாம்மா?"

டீ

நம்ம ஊரில் பேக்கரி என்றால் டீ. டீ இல்லாத பேக்கரியைப் பார்த்தால் ஜனங்கள் ஏமாற்றுக் கடை என்றே நினைக்கிறார்கள். 'டீ இல்லையா' என்ற கேள்வி பேஜாராகிப்போய், சோயா பாலில் ஒரு டீ போட்டேன். முதல் டம்ளரை வாங்கிக் குடித்த ஆட்டோக்காரத் தம்பி, அதை மெல்லக் கீழே வைத்தார். "இன்னாக்கா, டீக்கு உடம்பு சரியில்லயா?"

ஸ்டிக்கர்

மார்கழியில் ஓவனைப் பார்க்க ஒருவர் வந்து, தட்டிப் பார்த்து, குறை சொல்லிவிட்டுப் போனார். அன்று அடுப்படியில் நின்று அழுதேன். மறுநாள் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து போன். வெளிநாட்டு பையர் இருவர் ஒரு வாரம் தங்குகிறார்களாம், பால், முட்டை, கறி எதையும் தொடமாட்டார்களாம். வாங்க வந்திருப்பதோ மாட்டுத்தோல் ஷூ. கேள்வி கேட்கிற நிலையிலா இருந்தேன்? கத்திரிக்காயை அள்ளி வைத்து அனுப்பினேன்.

அந்த வாரம் பையரோடு சேர்ந்து ஆபீஸ்காரர்களும் சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் கம்பெனி மேனேஜரே நேரில் வந்து, வாராவாரம் மீட்டிங்குக்குச் சாண்ட்விச் வேண்டும் என்றார். ஓவன் தப்பித்தது என்ற சந்தோஷத்தில் உடனே சரி என்றேன். அவரோ, சாண்ட்விச் டப்பா மேல் நான் ஆசையாக அச்சடித்து ஒட்டியிருந்த 'வீகன்' ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "சாண்ட்விச் ஓகே மேடம். இது மட்டும் வேணாம். ஷோரூம் டேபிள்ல டப்பா இருந்தா, வர்றவங்க எங்க ஷூவையும் வீகன்னு நெனச்சிக்கிறாங்க."

பாலை விட்டேன், முட்டையை விட்டேன், நெய்யை விட்டேன்; ஆனாலும் கடை பிழைத்தது வீகன் என்ற சொல்லையும் விட்ட பிறகுதான்.