கடைசி நாலு எண்

ஒக்சூனின் இரண்டு கட்டைவிரல்கள் ராணுவச் சீருடையின் நீலக் கோட்டு மார்பை நீவிவிட்டன. பொத்தான் இருந்த இடத்தில் துணியே பிய்ந்திருந்தது. ஊசி அந்தக் கிழிசலைக் குறுக்கும் நெடுக்குமாக அடைத்துக்கொண்டு வந்தது.

"நாய் இழுத்துடுச்சு, மிஸ் ஒக்சூன்," என்றாள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற டெலேனி. வெள்ளிக்கிழமை அவள் கணவனுக்குப் பதவி உயர்வு விழா; அதற்கு அவன் போட வேண்டிய கோட்டு அது.

"உங்க வீட்டு நாய்க்கு விரல் இருக்கா?"

டெலேனி சிரிக்கப் பார்த்தாள். டெக்சாஸ் வெயிலிலும் கழுத்தில் சுற்றியிருந்த துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஒக்சூன் ராணுவ முகாமின் கிழக்கு வாசலுக்கு எதிரே இருபத்தாறு வருடமாகச் சீருடை தைக்கிறாள். கொரியாவிலிருந்து ஒரு சார்ஜென்டைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவன் கைநீட்டியபோது கேப்டனின் மனைவியிடம் போய் அழுதாள். படையில் மனைவிமாருக்கும் கணவனின் பதவிதான். பெரிய பதவிக்காரி பார்த்துக்கொள்வாள் என்று நம்பினாள். மாலைக்குள் அது கேப்டன் வழியாகப் புருஷனுக்கே வந்துசேர்ந்தது. அன்றைக்குப் போன இடது காது இன்றும் கேட்பதில்லை. இப்போது மத்தியானச் சோறு தனியாகத்தான். கேட்கும் காதை ரேடியோ பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிடுவாள்.

"சீட்டு எழுதணும். உன் அடையாள நம்பர்ல கடைசி நாலு எண் சொல்லு."

"ஏழு, ஒண்ணு, ஒம்போது, மூணு."

"அது அவனோட ராணுவ நம்பர். உன்னோடது?"

மூன்று வருடமாக டெலேனிக்கு ஆஸ்பத்திரி, கடை, வீடு எல்லாவற்றுக்கும் அவன் எண்தான். "மறந்துபோச்சு," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. நாளைக்கு லெப்டினன்ட் மனைவி காபிக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவங்ககிட்ட..."

ஊசி நின்றது.

"வேண்டாம்மா. அவ நல்லவளாவே இருக்கட்டும். அவ புருஷன் காதுல விழுந்தா, அவன் மேலதிகாரிக்குச் சொல்லியே ஆகணும்; அது உன் புருஷனுக்கே திரும்பி வரும். குடும்ப நல ஆபீஸ்ல உன்னை மாதிரி பொண்ணுங்களுக்குன்னே ஒருத்தி இருக்கா. போனதும் மொத வார்த்தையா, 'இது ரகசியமா இருக்கணும்'னு சொல்லு. நீ சரின்னு சொல்றவரைக்கும் உன் புருஷனோட அதிகாரிக்குப் போகாது. கழுத்தைப் பிடிச்சானா?"

டெலேனி ஆமென்று தலையசைத்தாள்.

"அப்போ இன்னிக்கே போ. டாக்டர்கிட்ட அவளே கூட்டிட்டுப் போவா."

"வீட்டுக்குக் கோட்டு இல்லாமப் போனா அவரு சந்தேகப்படுவாரு."

"அதுக்குத்தானே தைக்கிறேன்."

பொத்தானை இறுக்கி, நூலைக் கடித்தாள். சீட்டில் பெயருக்கான கட்டத்தில் 'டெலேனி' என்று எழுதினாள். எண்ணுக்கான கட்டத்தில் வேறு நாலு எண்கள்.

"இது யாரோடது?"

"அந்த ஆபீஸ் போன்ல அவளோட எக்ஸ்டென்ஷன் நம்பர். அவன் கேட்டா, 'கிழவிக்குக் காது கேக்காது, தப்பா எழுதிட்டா'ன்னு சொல்லு."

சீட்டைக் கோட்டின் காலரில் குத்தி, கவுண்டருக்கு மேலாக இரண்டு கைகளாலும் நீட்டினாள்.