தங்கச்சி வாசித்த பேச்சு

நான் அப்போது ஏழாம் வகுப்பு. வகுப்பில் தமிழ் வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை என்பது என் எண்ணம். டீச்சரின் எண்ணமும் அதுதான். அப்படிப்பட்ட என்னை விட்டுவிட்டு, இரண்டாம் வகுப்புத் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அந்தப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஃபேன் சுற்றும் கேன்டீன். கான்ட்ராக்ட் ஆட்கள் சைக்கிள் ஸ்டாண்டில், தரையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். அந்த வருஷம்தான் இது ஏன் என்று கேட்கத் துணிந்தார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் அப்பாவிடம் ஒரு சிறு புத்தகம் கொடுத்திருந்தார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர் ஒருவரின் பேச்சுகள், தமிழில். வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் கடைக்குள் கறுப்பின இளைஞர்கள் போய் உட்கார்ந்ததைப் பற்றிய பேச்சைத்தான் அப்பா தினமும் கேட்டார். திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் நடக்கும் கேட் கூட்டத்தில் அவர் பேசவேண்டும்.

தங்கச்சி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வரிக்கு மூன்று தடவை மூச்சு வாங்குவாள்.

"நான் படிக்கிறேன்ப்பா. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவேன்."

"வாணாம்மா. நீ உன் பாடத்தப் பாரு. பாப்பாவே படிக்கட்டும்."

மடியில் இருந்தவள் எனக்குப் பழிப்புக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். கடைசியாக ஒரு தடவை வாசிக்கவைக்க அப்பா வீட்டையே புரட்டிப்போட்டார். நானும் நல்ல பிள்ளையாகக் கூடவே தேடினேன்.

மறுநாள் கூட்டத்துக்கு எங்களையும் அம்மா கூட்டிப்போனாள். அப்பா வெறுங்கையோடு எழுந்து நின்றார். திணறட்டும் என்று காத்திருந்தேன். மனுஷன் ஒரு சொல்லை விடவில்லை. தங்கச்சி மூச்சு வாங்கிய இடங்களில்கூட அப்படியே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அவுங்க போயி உக்காந்தாங்க. நாமளும் போயி உக்காருவோம். இன்னா பண்ணிடுவாங்க?" என்று முடித்தார்.

மத்தியானம் கான்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் தூக்குவாளிகளோடு கேன்டீனுக்குள் போய் உட்கார்ந்தார்கள். யாரும் எழுப்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

தங்கச்சிதான் அவருக்குச் செல்லம் என்று எத்தனையோ வருஷம் பொருமியிருக்கிறேன். எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் ஒருநாள் அம்மா சொன்னாள்:

"அவருக்கு ஏதுடி எழுத்து? சின்னவ படிச்சா பாடம் சொல்லிக்குடுக்கிற மாதிரி இருக்கும். நீ படிச்சா கண்டுபுடிச்சிடுவியே! உங்கிட்டதான் அவருக்கு அவ்ளோ வெக்கம்."

கம்பெனி கேட்டில் யாருக்கும் அஞ்சாதவர் அஞ்சியது எனக்கு மட்டும்தான்.