முதல் பக்கத்தில் ஒரு வரி

அந்த நாளில் இணையம் பார்க்க வேண்டுமென்றால் பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும். பலகைத் தடுப்புக்குள் முட்டி இடிக்க உட்கார்ந்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் இரண்டு கொட்டாவி விட்டுவிடலாம். அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் அப்பா, மகள் செய்த முதல் வெப்சைட்டின் முன்னால்.

அது ஒரு ஆஸ்பத்திரியின் வெப்சைட். ஆஸ்பத்திரி மேலாளர் கொடுத்த துறைகளின் பட்டியலை வரி மாறாமல் மெனுவாக்கியிருந்தாள் அவள். மேலே ஓடும் எழுத்து, பளபளவென்று கட்டடத்தின் படம். அவள் அலுவலகமே கைதட்டியது. இரண்டே வாரத்தில் அம்மாவை அதே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. மறுநாள் காலையில் ஆபரேஷன். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று அப்பாவுக்குத் தவிப்பு. உள்ளே எப்போது விடுவார்கள் என்று கேட்கலாமென்றால் ஆஸ்பத்திரி லைன் கிடைக்கவில்லை. நம்ம பொண்ணு செஞ்சது இருக்கே என்று சென்டருக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து அவள் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க, பார்க்க வர்ற நேரத்தை?"

"மேல 'நிர்வாகம்'னு இருக்கும் பாருங்கப்பா. அதை அமுக்குங்க."

"நிர்வாகத்தைப் பாத்து நான் என்ன பண்றது? நான் உங்கம்மாவைப் பாக்கணும்."

சிரித்துக்கொண்டே தானும் திறந்தாள். நிர்வாகம், அதற்குள் விதிமுறைகள், அதற்குள்... செய்தவளுக்கே மறந்து போயிருந்தது. சிரிப்பு நின்றது. ஏழாவது பக்கத்தில் கிடைத்தது: மாலை நான்கு முதல் ஐந்து வரை. அப்போது மணி நாலு நாற்பது.

அப்பா ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கெஞ்சியும் காவலாளி அசையவில்லை. இரண்டாம் மாடி ஜன்னலில் அம்மா தெரிந்தாள். கீழே இவர் கையை ஆட்ட, மேலே அவள் ஆட்ட, அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகளைக் கண்டதும் அம்மா சொன்னாள்: "கட்டடத்தை அவ்ளோ பெருசா போட்டியாம், வாசலைத்தான் காணோமாம். உங்கப்பா சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறார்டி."

அந்த வாரமே மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"படத்தை எடுக்கணுமா? சேர்மன் ஆசைப்பட்டுப் போடச் சொன்னதும்மா அது!"

"எடுக்க வேணாம் சார். கொஞ்சம் கீழ இறக்கிக்கலாம். மேல எனக்கு ஒரு வரி போதும், பார்க்க வர்ற நேரம்."

"திட்டு விழுந்தா நீதான் வாங்கிக்கணும்," என்று முனகியபடி ஒப்புக்கொண்டார்.

இன்று அவளிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எந்த வேலை வந்தாலும் முதலில் கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டாள். வருகிறவர் எதைத் தேடி வருவார் என்று துண்டுக் காகிதங்களில் எழுதித் தரையில் பரப்பச் சொல்வாள். 'நிர்வாகம்' என்று எவராவது எழுதினால் அந்தக் காகிதம் கசங்கிக் குப்பைக்கூடைக்குப் போகும்.

அப்பா போய் நாலு வருஷமாகிறது. அந்த வெப்சைட்டையும் யார் யாரோ மாற்றிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதைப் போனில் திறந்து அம்மாவிடம் நீட்டினாள். கட்டடப் படம் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் உச்சியில் அப்படியே இருந்தது; நேரத்தைத்தான் ஏழு மணி வரை நீட்டியிருந்தார்கள்.

"இப்ப நீட்டி என்ன பண்றது," என்றாள் அம்மா. ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை.