விழுங்கப் பயந்தேன்

போன வருஷம் தவக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள், தைத்துக்கொண்டிருந்த பிளவுஸ் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். வலது கை வரவில்லை. வீட்டுக்காரர் என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பக்கவாதம் என்றார்கள். முத்தியால்பேட்டையில் இந்த ஸ்டெல்லாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. அந்த வாய் கோணிக்கொண்டது.

கை மெல்லத் திரும்பியது. பேச்சும் குழறிக் குழறி வந்தது. தொண்டை மட்டும் வரவில்லை. தண்ணீர் குடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும், வாய்வழியாக எதுவும் கூடாது என்று சொல்லி, மூக்கில் டியூப் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சி, மோர், மாத்திரைத் தூள் எல்லாம் அதில்தான்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சாமியார் நோயாளிகளுக்கு வீடு தேடி நற்கருணை அப்பம் கொண்டு வருவார். அந்த மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். எங்கள் தெருவில் வாராவாரம் கூடி ஜெபிக்கும் அன்பியத்துப் பெண்கள் சுற்றி முழங்காலில் இருந்தார்கள். சாமியார் டியூபைப் பார்த்துவிட்டு, விழுங்க முடியுமா என்று கேட்டார். ஆண்டவரே வாசலேறி வந்திருக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அத்தனை பேர் பார்க்கிறார்களே! முடியும் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினேன். அவ்வளவுதான், மூச்சு நின்றது. இருமக்கூட முடியவில்லை. கண் இருட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன். முதுகில் யாரோ ஓங்கி ஓங்கி அடித்தார்கள். அடித்தது அன்பியத் தலைவி பிலோமினா அக்கா. மூச்சு வந்தது. மறுநாள் ஜுரமும் வந்தது. நிமோனியா. மறுபடியும் கோரிமேடு, பன்னிரண்டு நாள்.

சாமியார் ஆஸ்பத்திரிக்கே வந்து கண் கலங்கினார். தப்பு என்னுடையது சாமி என்றேன்.

அதற்குப் பிறகு என் எச்சிலைக் கண்டே எனக்குப் பயம். படுத்தால் தொண்டைக்குள் இறங்கிவிடுமோ என்று உட்கார்ந்தபடியே தூங்கினேன். ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண் கண்டிப்பாகச் சொன்னாள்: தாடையை நெஞ்சோடு சேர்த்து, கெட்டித் தயிர் அரை ஸ்பூன், ஒரு நாளைக்கு மூன்று தடவை, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். செய்யாவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டு அங்கே டியூப் வைக்க வேண்டிவரும்.

வீட்டுக்காரர் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். லீவெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒருத்தி வந்து உட்காருகிறாள் என்று அவரிடம் பொய் சொன்னேன். யாரும் வரவில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை. ஸ்பூனை வாய்வரை கொண்டு போவேன், கீழே வைத்துவிடுவேன். குணமாக்கு என்றுகூட நான் ஜெபிக்கவில்லை. ஆண்டவரே, மூச்சு முட்டித் தனியாகச் சாக விடாதே. இது ஒன்றைத்தான் அழுது அழுது கேட்டேன்.

ஒரு வாரம் இப்படிக் கேட்டிருப்பேன். புதன்கிழமை காலை, அந்த வார ஜெபத்தை எங்கள் வீட்டில் வைக்கலாமா என்று கேட்க பிலோமினா அக்கா வந்தார். தொடாத தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தார். என் பொய்யெல்லாம் வெளியே வந்தது. நல்லாத் திட்டினார். பிறகு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் முன்னாடி முழுங்கு. ஏதாச்சும் ஆச்சின்னா அடிக்கக் கை இருக்குது. ஏற்கெனவே அடிச்ச கைதான்."

அந்த அரை ஸ்பூனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. உடம்பெல்லாம் வேர்த்தது. இருமினேன், அழுதேன், மறுபடி வைத்தேன். இறங்கியது.

மறுநாளே அக்கா பஸ் பிடித்துக் கோரிமேடு போய், புரையேறினால் என்ன செய்வது என்று அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் கற்றுக்கொண்டு வந்தார். தெருப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்து, யார் எந்த வேளை வருவது என்று பிரித்துவிட்டார். நான்கு மாதம், ஒரு வேளை தவறவில்லை. ஒருத்தி கண்ணை மூடி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். ஜெபம் அப்புறம், முதலில் கண்ணைத் திறந்து என்னைப் பார் என்று குழறிக்கொண்டே கத்தினேன். என் வாய் திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின வாரம் டியூபை எடுத்தார்கள்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் ஒவ்வொரு வாய்க்கும் தாடையைத் தாழ்த்தித்தான் விழுங்குகிறேன். ஆனால் நான் கேட்டதை ஆண்டவர் அப்படியே கொடுத்தார். தனியாக விடவில்லை. என்னைப் போல வெட்கப்பட்டுப் பயத்தை மறைக்காதீர்கள். அவரிடம் கேளுங்கள். அவர் ஆள் அனுப்பினால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ரெட்டியார்பாளையம் போகிறேன். அங்கே ஒரு அம்மா, அதே டியூபோடு இருக்கிறார். நேற்று ஸ்பூனை வாய்வரை கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டார். பயமாக இருக்கிறதென்று கையாலேயே காட்டினார். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பயந்துகிட்டே முழுங்குங்கம்மா. நான் எங்கயும் போவல," என்றேன்.

விழுங்கினார்.